படம் பார்ப்பதும் வாசிப்புதான்

தொடக்கப் பள்ளிகளில் படப் புத்தகத்தைப் பற்றி நிலவும் எண்ணம் எளிமையானது. எழுத்து வராத பிள்ளைக்குப் படம், எழுத்து வந்துவிட்டால் பாடம். ஒன்றாம் வகுப்பில் படத்தைக் காட்டி ஆசையைத் தூண்டலாம்; மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பிறகும் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அது சின்னப் பிள்ளைத்தனம். கதையை நடித்துக் காட்டுவதும், கதைக்கு வேறு முடிவு சொல்வதும், இல்லாத பக்கத்தை வரைவதும் பாடம் முடிந்து மிஞ்சிய நேரத்துக்கு உரியவை. பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் யாரும் இதை வாதிட்டு நிறுவுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த எண்ணத்தின் ஒவ்வொரு பகுதியும் பிழையானது. அதற்கு விலை கொடுப்பவர்கள், வீட்டில் வேறு புத்தகம் இல்லாத பிள்ளைகள்.

படப் புத்தகத்தைப் ‘படம் போட்ட கதைப் புத்தகம்’ என்று கருதுவதில் பிழை தொடங்குகிறது. பாடநூலில் வரி சொன்னதையே படம் திரும்பச் சொல்கிறது. ஆடு புல் மேய்ந்தது என்ற வரிக்கு மேலே ஓர் ஆடு புல் மேய்ந்துகொண்டிருக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் வரி குறைவின்றி நிற்கும். நல்ல படப் புத்தகத்தில் அப்படி எடுக்க முடியாது. ஆங்கில ஓவியர் பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ என்ற புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. வரிகள் சொல்வது அவ்வளவுதான். படங்களிலோ கோழியின் பின்னால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பதுங்கி வருகிறது. பாயப் போகும்போதெல்லாம் ஏதாவது நேர்கிறது: குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. புத்தகத்தின் வரிகளில் நரி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

இந்தப் புத்தகத்தின் வரிகளை மட்டும் பிழையில்லாமல் உரக்கப் படித்து முடித்த பிள்ளை அதைப் படித்ததாகச் சொல்ல முடியாது. எழுத்தே தெரியாமல், ‘பின்னாடி நரி வருது!’ என்று கோழியை எச்சரித்துக் கத்தும் பிள்ளைதான் படித்திருக்கிறது. வரி சொல்லாமல் விட்டதை அது கண்டுகொண்டது. கோழிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதை உணர்ந்தது. அடுத்த பக்கத்தில் என்ன நேரும் என்று ஊகித்தது. உயர்நிலை வகுப்பில் சிறுகதை நடத்தும் தமிழாசிரியர், பல ஆண்டுகள் எழுதப் படிக்கக் கற்ற மாணவர்களிடம் எதிர்பார்ப்பதும் இதே திறனைத்தான். ஐந்து வயதில் இயல்பாக வரும் இதைப் ‘படம் பார்த்தல்’ என்று தனியே பிரித்து, வாசிப்புக்கு வெளியே நிறுத்துவதில் நியாயம் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1967 முதல் செய்த ஆய்வுகளில், புதிய சொற்களைப் படமில்லாமல் காட்டிக் கற்பித்தபோது அவற்றைப் பின்னர் அடையாளம் காண்பது எளிதாயிருந்தது. பக்கத்தில் படம் இருந்தால் பிள்ளையின் கவனம் அங்கே போய்விட்டது. கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ழான் சேன்-ஓபினும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கதைப் புத்தகத்தைப் பெரியவர் படித்துக் காட்டும்போது பள்ளிப் பருவத்தை எட்டாத குழந்தைகளின் கண்ணசைவுகள் பதிவு செய்யப்பட்டன. குழந்தைகள் எழுத்தைப் பெரும்பாலும் பார்க்கவே இல்லை, படத்தையே பார்த்தார்கள். ‘படம் கண்ணை இழுத்துக்கொள்கிறது, எழுத்து பின்தங்குகிறது’ என்ற பேச்சுக்கு இவை சான்று போலத் தோன்றும்.

இந்த முடிவுகளை மறுக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு இவை விடை என்று பார்த்தால் போதும். சாமுவேல்ஸ் அளந்தது தனிச் சொல்லை அடையாளம் காணும் திறன். அதற்கு மின்னட்டை போதும், கரும்பலகை போதும், மணலில் விரலால் எழுதினாலும் போதும். அந்த வேலையைப் படப் புத்தகத்தின் தலையில் கட்டிவிட்டு, அது சரியாகச் செய்யவில்லை என்று குறை கூறுவது முறையாகாது. எழுத்தறிமுகம் ஒரு பாடவேளையில் தனியே நடக்கட்டும், நடந்தே ஆக வேண்டும். கண்ணசைவு ஆய்வோ படப் புத்தகத்துக்குச் சார்பாகவே பேசுகிறது. கண் படத்தில் இருக்கும்போது காது சொல்லில் இருக்கிறது. ‘பதுங்கினான்’ என்று ஆசிரியர் படிக்கும் கணத்தில் பதுங்கும் உடலைப் பிள்ளை பார்க்கிறது. அகராதியோ விளக்கமோ இல்லாமல் சொல்லும் பொருளும் ஒன்று சேர்கின்றன. வீட்டுப் பேச்சில் வராத எழுத்துத் தமிழ்ச் சொற்கள் பிள்ளைக்குள் இறங்க இதைவிட நல்ல வழி வகுப்பறையில் வேறில்லை.

புத்தகம் கையில் இருந்தால் மட்டும் இது நடந்துவிடாது. இங்கேதான் செயல்பாடுகளுக்கு வேலை வருகிறது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினரும் தங்கள் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கேள்வி கேட்கும் முறை கற்பிக்கப்பட்டது: ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேட்பது, குழந்தை சொன்னதை எடுத்து நீட்டிச் சொல்வது, கதை சொல்லும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையிடம் விடுவது. ஒரே மாதத்தில் அந்தப் பிரிவின் குழந்தைகள் பேச்சுமொழித் தேர்வுகளில் முந்தியிருந்தார்கள். 1992இல் இதே முறை மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் வரும் பகல்நேரக் காப்பகத்தில் சோதிக்கப்பட்டு, அங்கும் பலன் தந்தது. படித்துக் காட்டியது எல்லோரும்தான். பிள்ளையைப் பேசவைத்த இடத்தில்தான் வேறுபாடு உண்டாயிற்று.

நம் வகுப்புகளில் படத்தைக் காட்டியதும் கேட்கப்படும் கேள்வி, ‘இது என்ன?’ என்பது. படகு. இது? மீன். இது? வலை. வகுப்பு ஒரே குரலில் விடை சொல்லும், பக்கம் புரளும். பார்ப்பதற்குச் சுறுசுறுப்பாக இருக்கும் இந்த முறையில் எந்தப் பிள்ளையும் ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்வித் துறையை நடத்திய பிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனோடு சேர்ந்து உருவாக்கிய முறையில் கேள்விகள் மூன்றே. படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்வியில் முழு வலிமையும் இருக்கிறது. ‘அந்த அம்மா கோபமாக இருக்காங்க’ என்று சொன்ன பிள்ளை, புருவத்தையோ இடுப்பில் ஊன்றிய கையையோ சுட்டிக் காரணம் சொல்ல வேண்டும். சான்று காட்டிப் பேசும் பழக்கம் ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. இதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை.

கோட்டக்குப்பம் போன்ற ஊரில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டிய இந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2021இல் நகராட்சியாக உயர்ந்தது. பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களும் கடலோரக் குப்பங்களும் இங்கே அருகருகே இருக்கின்றன. சாலை வடக்கே மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்கிறது. வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் காற்றின் பெயர்களும் வலையின் வகைகளும் தெரியும். இன்னொரு வீட்டுப் பிள்ளை நோன்புக் கஞ்சி காய்ச்சும் வரிசையைத் தப்பாமல் சொல்லும். உப்பளத்தில் வேலை செய்வோரின் பிள்ளை, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவது முதல் காய்ந்து படிந்த உப்பை வாரிக் குவிப்பது வரை கண்ணால் கண்டிருக்கும். மழை தொடங்கினால் வேலை நின்றுபோகும் என்பதும் அதற்குத் தெரியும். பாடநூலின் முதல் பக்கத்தில் இந்த அறிவுக்கு இடமில்லை. எழுத்துத் தெரியாததால் ஒன்றும் தெரியாத பிள்ளை என்று அது மதிப்பிடப்படுகிறது. படகு கரையேறும் படம் ஒன்றை விரித்து ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்ட மறுநொடியில் நிலைமை மாறிவிடும். படகு போகிறதா வருகிறதா, காற்று எந்தப் பக்கம், வலையில் மீன் பட்டிருக்கிறதா என்று அந்தப் பிள்ளை வகுப்புக்கே சொல்லிக்கொடுக்கும்.

‘முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்; இவர்களுக்கு முதலில் எழுத்து, மற்றதெல்லாம் அப்புறம்’ என்ற வாதம் இரக்கத்தோடு சொல்லப்படுகிறது. அதன் விளைவு கொடுமையானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரவில் அம்மா மடியில் படப் புத்தகம் பார்த்துக் கதை பேசிவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. அதற்கு எழுத்து என்பது ஏற்கெனவே ருசித்த ஒன்றை அடையும் வழி. அந்த ருசி வீட்டில் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் இடம். அங்கேயும் ‘அப்புறம்’ என்றால், எதற்காக எழுத்தைக் கற்க வேண்டும் என்பதே தெரியாமல் அது எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா, தமிழிலும் ‘பகல் கனவு’ என்று வந்துள்ள தம் நூலில், நாலாம் வகுப்பை ஏற்கும் ஆசிரியரைக் கதையோடுதான் தொடங்கவைத்தார். அவர் எழுதியது 1930களில், சாதாரணப் பள்ளிகளை மனத்தில் வைத்து.

நேரமில்லை என்ற முறையீடு எப்போதும் உண்டு. தமிழ்நாட்டின் சொந்த வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் கற்றார்கள். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது இந்தக் கடற்கரையில்தான், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர்கள் கதை, பாட்டு, விளையாட்டு வழியே இழந்த பாடத்தை மீட்க முனைந்தார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. பாடம் பின்தங்கியபோதெல்லாம் அரசே நாடியது செயல்பாட்டைத்தான். செயல்பாடு நேரத்தை விழுங்கும் என்றால், நேரம் மிகக் குறைவாயிருந்த வேளையில் அதை ஏன் நாடினார்கள்?

ஆனால் நிலை பிரிப்பதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று வரிசைப்படுத்திப் பள்ளிகளுக்குத் தந்தது. பெரிய முயற்சி, பாராட்டுக்குரியது. இந்த வரிசை சொல்லின் எண்ணிக்கைக்கும் வாக்கியத்தின் நீளத்துக்கும் பொருந்தும். படத்துக்குப் பொருந்தாது. ‘நுழை’ புத்தகத்தின் ஒரு படத்தை ஐந்தாம் வகுப்பு ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம். ‘பற’ நிலைக்கு வந்த பிள்ளை குறைந்த சொற்கள் உள்ள புத்தகத்தை எடுத்தால், ‘இது உனக்கில்லை’ என்று பிடுங்கி வைப்பது அந்த வரிசையைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

மேல்வகுப்புக்குப் படம் எதற்கு என்று கேட்பவர்கள் சில புத்தகங்களையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். மாரிஸ் செண்டாக் 1963இல் படைத்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தில் சிறுவனின் கற்பனை வளர வளரப் படமும் பக்கத்தில் வளர்கிறது. உச்சத்தில் சொல்லே இல்லாமல் முழுப் பக்கங்களையும் படம் நிறைக்கிறது. அவன் வீடு திரும்பும்போது மீண்டும் சுருங்குகிறது. வடிவமே பொருள் சொல்வதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ மத்திய இந்தியாவின் கோண்டு ஓவியர்கள் மூவரின் படைப்பு. கறுப்புத் தாளில் மரங்களின் இரவு வாழ்க்கை விரிகிறது. 1996இல் சென்னையில் தொடங்கிய துளிகா, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’யின் யானைத் தும்மலை வகுப்பே சேர்ந்து தும்மாமல் படிக்க முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் சந்தியா ராவ் எழுதி வெளிவந்த புத்தகம், கடலைத் தோழனாகக் கொண்ட ஒரு சிறுவனைப் பற்றியது. 2004 டிசம்பரில் அலை ஏறி வந்த இந்தக் கரையில், பெரியவர்கள் சொல்லத் தயங்கும் ஒன்றைப் பிள்ளைகளோடு பேச அப்படி ஒரு புத்தகம் தேவைப்படுகிறது. வயது ஏற ஏறத் தேவை கூடுகிறது.

படைப்புச் செயல்பாடு என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இங்கே வக்காலத்து இல்லை. படத்தின் நகலைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வது கைக்கு வேலை. கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து அறியும் நீதி என்ன?’ என்று கேட்பது இன்னும் மோசம். பிள்ளை கண்டதையெல்லாம் அழித்துவிட்டு ஆசிரியர் மனத்தில் உள்ள ஒரே வாக்கியத்தைத் தேடவைக்கிறது அந்தக் கேள்வி. நல்ல செயல்பாடு பிள்ளையை மறுபடியும் புத்தகத்துக்குள் அனுப்பும். வரிகளைத் தாளால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் கொண்டு கதை சொல்லவைத்துப் பிறகு வரிகளைத் திறந்து ஒப்பிடலாம். திருப்பம் வரும் பக்கத்துக்கு முன்னே நிறுத்தி, அடுத்த படத்தை ஒவ்வொருவரும் வரையலாம். கோழியின் கதையை நரி தன் வாயால் சொன்னால் எப்படி இருக்கும் என்று நடித்துப் பார்க்கலாம். நடிக்கும் பிள்ளை, நரி எந்தப் பக்கத்தில் எங்கே நின்றது என்று பார்க்கப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியாக வேண்டும்.

இவற்றுள் பிள்ளைகளே புத்தகம் செய்வதற்கு ஈடானது எதுவுமில்லை. நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், வெளியிலிருந்து வந்த ஆங்கிலப் பாடநூலை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் வாயிலிருந்து வந்த சொற்களைக் கொண்டே அவர்களுக்கான வாசிப்புப் புத்தகங்களை உருவாக்கினார். 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அதை விவரித்தார். அதற்குத் தேவையான பொருள் இங்கே ஒரு தாள். நீளவாட்டில் ஒரு மடிப்பு, குறுக்கே இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு. எட்டுப் பக்கச் சிறு புத்தகம் தயார். முதலில் படம் வரையட்டும். பிறகு பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் அதன் சொற்களிலேயே வரியை எழுதலாம். சில வாரங்களில் பிள்ளையே எழுதத் தொடங்கும். எழுதப் போவது என்ன என்று கவலைப்பட வேண்டியதில்லை, ஊரிலேயே கதை கிடக்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் இறுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பத்துக் கரையையும் சின்ன முதலியார்சாவடிக் கரையையும் கடல் அரித்தது. இப்போது அங்கே கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. மணல் இருந்த காலத்தைப் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு வந்து, ஒரு பக்கத்தில் அன்றைய கரை, எதிர்ப்பக்கத்தில் இன்றைய கல் என்று வரையும் ஐந்தாம் வகுப்பு, புவியியலும் வரலாறும் கட்டுரையும் ஒன்றாகவே செய்கிறது. உப்பு எப்படி விளைகிறது என்பதை எட்டுப் பக்கத்தில் வரிசை தப்பாமல் சொல்ல முயலும் பிள்ளை, எதை விடுவது எதை வைப்பது என்று முடிவெடுக்கக் கற்கிறது. தேர்வுத் தாளில் கட்டுரை எழுதும்போது திணறும் பிள்ளைகளுக்கு இல்லாமற்போவது இந்தப் பயிற்சிதான்.

கடைசியாக எஞ்சுவது பணம். படப் புத்தகம் தனியார் பள்ளிக்கு உரிய ஆடம்பரம் என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை பல பத்தாண்டுகளாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்தது. அங்குள்ள தமிழ்ப் படக்கதைகளை யாரும் காசு கொடுக்காமல் எடுக்கலாம், அச்சிடலாம், வகுப்பில் திரையில் காட்டலாம், வேறு சொற்களில் மாற்றியும் எழுதலாம். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி தேவையில்லை. ஒரு பிரதியை எல்லோருக்கும் தெரியும்படி ஆசிரியர் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்தால் போதும்.

பல பள்ளிகளில் புத்தகம் இல்லாமலில்லை, பீரோவுக்குள் இருக்கிறது. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று ஆசிரியரை மிரட்டுவதை அதிகாரிகள் நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் புரட்டும் புத்தகம் ஓரிரு ஆண்டில் நைந்துபோகத்தான் செய்யும். அப்படி நைந்ததைப் பயன்பட்டது என்று பதிவேட்டில் கழித்துவிட்டு, அந்த இடத்தில் புதியது வாங்க ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். புத்தகங்களைச் சன்னலோரத்தில் கயிறு கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், முகப்பு தெரியும்படி தொங்கவிட வேண்டும். நாளுக்கு ஒரு பாடவேளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, கால அட்டவணையில் பெயர் போட்டு ஒதுக்க வேண்டும். மற்றப் பாடம் மிச்சமிருக்கிறது என்று அந்த வேளையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.